ராமநாதபுரம் கடற்கரையில் நடப்பதற்கு யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்?

தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் அறிவித்தது. இனி சாலை முடியும் அரிச்சல்முனை வரை நடந்துபோக வனத்துறையிடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று அன்றிலிருந்து பலரும் கேட்கிறார்கள். இதற்குள் வேறு இரண்டு கேள்விகளும் சேர்ந்துகொண்டன. சில கடற்கரைகளில் கயிறு கட்டி ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்களே, அதற்கு என்ன அதிகாரம்? மண்டபத்தில் நின்றால் கண்ணெதிரே தெரியும் தீவில் ஏன் இறங்க விடமாட்டேன் என்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. காலுக்கடியில் இருக்கும் நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அங்கே நடக்க அனுமதி வேண்டுமா, காசு வாங்கலாமா, வாங்கினால் எதற்காக வாங்கலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நீர் விளிம்பிலிருந்து ஊர் வரை

கடலிலிருந்து ஊரை நோக்கி இருநூறு அடி நடந்தால் பார்வைக்கு எல்லாம் ஒரே மணல்தான். ஆவணத்தில் அது பல துண்டு.

1. ஈர மணல். பெரிய ஓதத்தின்போது தண்ணீர் ஏறி நிற்கும் எல்லையை உயர் ஓதக் கோடு என்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள கடல்படுகை அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே சொல்கிறது. அதே பிரிவு பொதுச் சாலை, தெரு, சந்து, நடைபாதை ஆகியவற்றையும் அரசுச் சொத்து என்கிறது. ஆனால் இந்தச் சொத்துரிமை வழியுரிமைகளுக்கும் மற்ற பொது உரிமைகளுக்கும் எப்போதும் உட்பட்டது என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. அரசு நிலம் என்பதாலேயே ஆட்களை விலக்கிவிட முடியாது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆதாரம் இது.

2. உலர் மணல். பெரும்பாலும் கடற்கரைப் புறம்போக்கு. படகு ஏற்றுவது, வலை காயப்போடுவது, மீன் உலர்த்துவது, வாடி என்னும் தற்காலிகக் கொட்டகை போடுவது எல்லாம் இங்கேதான்.

3. ஊர் நத்தமும் பட்டா நிலமும். தென்னந்தோப்பு, பனங்காடு, விடுதி, தனியார் மனை இவற்றில் அடங்கும்.

4. வனத்துறை நிலம். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா.

5. ரயில்வே, கடற்படை, துறைமுக நிலங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. பாம்பனில் சாலைப் பாலத்தில் நடக்கலாம். ரயில் பாலத்தில் கால் வைத்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அத்துமீறல்.

நம் கரைக்கே உரிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஈர மணல் பட்டை குறுகலானது. சட்டப்படி யாரும் கேள்வி கேட்க முடியாத அந்தப் பட்டையில் மட்டுமே நடந்து வெகுதூரம் போக முடியாது. தென்கரையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அலை மணலைத் தின்றுவிடும். விடுதிச் சுவர் முன்னுக்கு வந்து கட்டப்பட்ட இடத்தில் பட்டையே இருக்காது. அப்போது நடப்பவர் உலர் மணலுக்கோ சுவருக்குப் பின்னாலுள்ள சந்துக்கோ வந்தாக வேண்டும். நடைவழி பற்றிய தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கடற்கரை, ஓடும் நீர், காடு போன்றவற்றை மக்களுக்காகப் பாதுகாக்கும் அறங்காவலர்தான் அரசு என்ற கோட்பாட்டை கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஏற்றது. இதை மேற்கோள் காட்டிக் கட்டணமே கூடாது என்று வாதிடுவோர் உண்டு. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. பொதுச் சொத்தைத் தனியார் லாபத்துக்குக் கைமாற்றிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. பராமரிப்புக்கு நியாயமான கட்டணம் வாங்குவது வேறு.

நான்கு பெயர்கள், நான்கு விதமான சட்ட பலம்

செய்திகளில் இந்த நான்கும் ஒன்றுபோல எழுதப்படுவதால்தான் பாதிக் குழப்பம்.

உயிர்க்கோளக் காப்பகம்: மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டர் 1989இல் இப்படி அறிவிக்கப்பட்டது, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பெயருக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. உள்ளே ஊர்களும் துறைமுகங்களும் இருக்கின்றன. உயிர்க்கோளக் காப்பகம் என்ற காரணத்தைக் காட்டி நடப்பவரிடம் யாரும் கட்டணம் கேட்க முடியாது.

ராம்சார் தலம்: உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் இது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. இது ஈரநிலத்தைக் கெடுக்காமல் காக்கும் கடமை. நுழைவுத் தடை இதிலிருந்து வருவதில்லை. ஆனால் இந்தக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்களும்கூட; தடை வந்தால் அந்த வழியில்தான் வரும்.

சரணாலயம்: 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சிலரைத் தவிர வேறு யாரும் அனுமதியின்றி உள்ளே போகக்கூடாது என்கிறது. பணியிலிருக்கும் அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், அங்கே நிலவுரிமை உள்ளவர், இவர்களைச் சார்ந்து வாழ்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. கூடவே இன்னொருவருக்கும்: பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து செல்பவர். நடப்பவர் நினைவில் வைக்க வேண்டிய வரி இதுதான். 28ஆம் பிரிவு ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற நோக்கங்களுக்கு அனுமதி தரவும், அதற்கு விதிக்கப்பட்ட கட்டணம் வாங்கவும் அதிகாரம் தருகிறது. சரணாலயமாக்கும் நோக்கத்தை அரசு அறிவித்த உடனேயே 27 முதல் 33ஏ வரையிலான பிரிவுகள் நடைமுறைக்கு வந்துவிடும் என்று 18ஏ பிரிவு சொல்வதால், இறுதி ஆணை வரவில்லை என்று வாதிட்டுப் பயனில்லை.

தேசியப் பூங்கா: இருப்பதிலேயே கடுமையானது. சரணாலயத்தில் பழைய உரிமைகள் சிலவற்றைத் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவாக்கும்போது அந்த நிலத்தின் எல்லா உரிமைகளும் அரசிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

தனுஷ்கோடி: சாலையில் போனால் ஒன்று, சதுப்பில் இறங்கினால் வேறு

மேலே சொன்னதை தரையில் வைத்துப் பார்ப்போம். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போன பிறகு, அரை நூற்றாண்டு காலம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் ஓடும் வேன்தான் வழி, இல்லையென்றால் நடை. 2017 ஜூலையில் சாலை திறந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு 5 கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு 4.5 கிலோமீட்டர். மொத்தம் 9.5. இது தேசிய நெடுஞ்சாலை. அதில் நடந்து போகிறவர் 27ஆம் பிரிவின் விலக்குக்குள் வருகிறார். வனத்துறைச் சீட்டு தேவையில்லை. காவல்துறை மாலையில் சோதனைச் சாவடியில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதும், கடல் கொந்தளிக்கும் நாளில் சாலையை மூடுவதும் பாதுகாப்புக்காக. அதற்கும் சரணாலயத்துக்கும் தொடர்பில்லை.

சாலையை விட்டு இறங்கி, சரணாலய எல்லைக்குள் பறவை மேயும் சதுப்பில் கால் வைத்தால் கதை மாறுகிறது. அங்கே அனுமதி வேண்டும். அது வேண்டியதும்தான். பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரைச் சலித்து உண்ணும் பறவை. ஒருமுறை கிளப்பிவிட்டால் கூட்டம் மொத்தமும் எழும்பி, மறுபடி அமர்ந்து மேயத் தொடங்க நேரமாகும். படம் எடுப்பதற்காக ஒரு காலையில் பத்துப் பேர் அடுத்தடுத்துப் போனால் அந்தக் காலை முழுக்க அவற்றுக்கு இரை இல்லை. சாலையோரம் நின்று தொலைநோக்கியில் பார்ப்பது இலவசம், நல்ல காட்சியும்கூட. அந்தச் சதுப்பு நடக்கவும் தோதில்லை: மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு காய்ந்திருக்கும், மிதித்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

நடக்க நினைப்பவருக்கு:

1. போகவர 19 கிலோமீட்டர். தார்ச்சாலையில் நாலரை மணி நேரம் பிடிக்கும். மணலில் நடந்தால் இதைவிட மிக அதிகம். நிழல் கிடையாது. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். காலையிலேயே கிளம்பி ஒருவழி நடந்து, திரும்பப் பேருந்து பிடிப்பது சரியான திட்டம்.

2. மணலில் நடப்பதானால் அலை தொட்டுப் போன இறுகிய மணலில் நடக்க வேண்டும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் வெகுநேரம் நடந்தால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். நடுநடுவே சாலைக்கு ஏறிவிடலாம்.

3. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். முட்டைக்குழி ஓதக் கோட்டுக்கு மேலே உலர் மணலில் இருக்கும். ஈர மணலில் நடந்தால் அதற்குச் சேதமில்லை. வண்டியை மணலில் இறக்குவதுதான் அழிக்கிறது. இரவில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும்.

4. தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று ஊரார் சொல்வது வெறும் பெயரல்ல. தென்பக்கம் கரையை ஒட்டியே ஆழமும் இழுப்பும் உண்டு. முனையில் இரண்டு நீரும் சேருமிடத்தில் இறங்கவே கூடாது. வடபக்கம் அமைதியாகத் தெரிந்தாலும் ஆழமில்லாத நீரில் திருக்கை மணலுக்குள் கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும்.

5. மணலில் தோண்டிய சிற்றூற்றுகளில் நல்ல தண்ணீர் சுரக்கும். அது அங்கே வாழும் மீனவக் குடும்பங்களின் குடிநீர். அதில் கை கால் கழுவாதீர்கள்.

6. கரைவலை இழுக்கும்போது கயிறு இறுகிக் கிடக்கும். அதைத் தாண்டாமல் இழுப்பவர்களின் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். விரித்துக் கிடக்கும் வலையை மிதித்தால் கண்ணி அறும். பொத்துவதற்கு ஒருவருக்கு அரைநாள் போய்விடும்.

தீவுகள் ஏன் பூட்டியிருக்கின்றன

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இப்போது நீருக்கடியில். பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் கொண்டுபோனது, தீவுகள் தேய்ந்து மூழ்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. எஞ்சியவற்றைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பூங்கா எல்லை தீவின் மணலோடு முடிவதில்லை: கரைப்பக்கம் 3.5 பாகம், கடல்பக்கம் 5 பாகம் ஆழம் வரை நீரும் பூங்காதான் (ஒரு பாகம் என்பது ஆறடி). நடப்பவர் தீவில் கால்வைக்க ஒரே வழி, குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் செல்வது போன்ற வனத்துறைப் படகுப் பயணம். அங்கே கொடுக்கும் பணம் படகுக்கும் வழிகாட்டிக்கும் சேர்ந்தது. காற்று மாறினால் பயணம் நிற்கும். கரையொதுங்கிய பவளத் துண்டை நினைவுக்கு எடுத்துவருவதுகூடக் குற்றம்.

இந்தத் தடையின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறையாகத் தீவோரப் பாறைகளில் முங்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்து வந்தவர்கள். பூங்காவானதும் அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். சரணாலயமாக மட்டும் வைத்திருந்தால் பழைய உரிமையில் ஒரு பகுதியையாவது தொடரச் சட்டத்தில் இடமிருந்திருக்கும். காசு கொடுத்தவர் படகில் தீவுக்குப் போக, அங்கே தொழில் செய்தவர் போக முடியாத நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. காப்பது அவசியம், ஆனால் யாருடைய செலவில் காக்கிறோம் என்ற கணக்கும் அவசியம்.

கேட்கிற காசு எந்த வகை?

சட்ட அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. வரி பொதுச் செலவுக்கு, கட்டணம் ஒரு சேவைக்கு ஈடாக என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் வகுத்தது. அந்த வழக்கே சென்னை மாகாணத்துச் சட்டத்தைப் பற்றியது. ரூபாய்க்கு ரூபாய் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று பின்வந்த தீர்ப்புகள் தளர்த்தின. இருந்தாலும் ஏதோ ஒரு சேவையும், அதை வாங்க அதிகாரமும் இருந்தாக வேண்டும். நம் கரையில் கேட்கப்படும் காசை இப்படிப் பிரிக்கலாம்.

1. வனத்துறை அனுமதிக் கட்டணம். 28ஆம் பிரிவின்படி செல்லும்.

2. படகு, உயிர்காப்பு அங்கி, வழிகாட்டிக்கான கட்டணம். காரங்காடு அலையாத்திக் காட்டில் வாங்குவது இந்த வகை. படகில் ஏறாதவருக்குப் பொருந்தாது.

3. வண்டி நிறுத்தக் கட்டணம். உள்ளாட்சி அமைப்பு ஏலம் விட்டு, குத்தகைதாரர் வசூலிப்பது. சிக்கல் அதிகம் இதில்தான். ஏலம் விட்டது வண்டி நிறுத்தத்துக்கு. நாளடைவில் குத்தகைதாரர் வழியை மறித்து, வண்டியில்லாமல் வருபவரிடமும் கை நீட்டுவார். ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளாட்சியின் பெயர், தொடர் எண், குத்தகை ஆண்டு, வண்டி வகை, அச்சிட்ட தொகை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். 'நுழைவுக் கட்டணம்' என்று பொதுவாக அச்சடித்து, தொகையைப் பேனாவால் எழுதிய சீட்டு நம்பத்தக்கதல்ல.

4. தனியார் நிலத்தின் வழியே போகக் கேட்கும் காசு. நிலம் உண்மையில் பட்டாவாக இருந்தால், அதற்குள் பொதுவழி இல்லையென்றால், கேட்கலாம்.

5. எந்த ரசீதும் இல்லாமல் கயிறு கட்டிக் கேட்கும் காசு. இதற்கு அதிகாரமே இல்லை.

ஆளுக்குக் கட்டணம் என்ற முறையை நான் எதிர்ப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் நால்வர் குடும்பம் 80 ரூபாய் கொடுக்கும். பக்கத்து ஊரிலிருந்து வாரம் ஒருநாள் மாலை வரும் நால்வர் குடும்பம் 4,160 ரூபாய் கொடுக்கும். குப்பை அள்ளவும் கழிப்பறை நடத்தவும் பணம் வேண்டும் என்பது உண்மை. வண்டிக்கு வாங்கினால் அதைத் தூரத்திலிருந்து வருபவர் சுமப்பார். ஆளுக்கு வாங்கினால் உள்ளூர்க்காரர் சுமக்க வேண்டியிருக்கும்.

கட்டணத்தைவிட மோசமானது கதவு. மாலை ஆறுக்கு மூடி காலை ஆறுக்குத் திறக்கும் கதவால் நாட்டுப்படகுக்காரருக்கு வழி அடைபடுகிறது. அவர் கடலுக்குப் போவது விடியுமுன். விடுதிகளுக்கு இடையே கடற்கரைக்கு மக்கள் போய்வர 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும், வேலி அந்தப் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நிபந்தனை விதித்தது. சுவரின் இரு பக்கமும் அளவு நாடாவைப் பிடித்தாலே அது நிறைவேறியதா என்று தெரிந்துவிடும்.

வழி பொதுவழிதானா என்று பார்ப்பது

1. புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம்.

2. அரசின் நில ஆவண மின்சேவைத் தளத்தில் நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும், எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் அந்த எண்ணுக்கு எடுங்கள். பதிவேட்டில் 'புறம்போக்கு', 'பாதை', 'வண்டிப்பாதை' என்று இருந்தால் கேள்வி முடிந்தது.

3. பாதைக்குத் தனி உட்பிரிவு எண் இல்லாமல், பட்டா நிலத்தின் குறுக்கே புள்ளிக்கோடாக மட்டும் இருந்தால் விஷயம் கடினம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, பின்னர் நிலவரித் திட்டத்தில் பட்டா கொடுக்கப்பட்ட ஊர்களில் பழைய ஒற்றையடிப் பாதைகள் இப்படி நிலத்துக்குள் கரைந்திருக்கலாம். அங்கே நெடுங்காலம் நடந்து வந்ததற்குச் சான்று வேண்டும்: பழைய கிராம வரைபடம், அக்கம்பக்கத்து நிலப் பத்திரங்களின் எல்லை விவரத்தில் 'இதற்குக் கிழக்கே கடற்கரைப் பாதை' என்று வரும் வரி, மூத்த மீனவர்களின் வாக்குமூலம். இவற்றில் பத்திர வரிதான் வலுவானது. நிலத்துக்காரரே கையெழுத்திட்டது அது.

4. கட்டணம் பற்றி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உள்ளாட்சியிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'கட்டணம் சரியா' என்று கேட்டால் பதில் வராது, அது கருத்து. நகல் கேட்க வேண்டும்: நடப்பாண்டு குத்தகை ஆணையின் நகல், அங்கீகரிக்கப்பட்ட கட்டணப் பட்டியலின் நகல், கட்டணம் நிர்ணயித்த தீர்மானத்தின் நகல். வண்டிகளுக்கு மட்டும் தொகை போட்ட பட்டியல் கையில் வந்தால், நடப்பவரிடம் வாங்கியதற்கு அதிகாரமில்லை என்பதற்கு அதுவே சான்று.

5. ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். அங்கே மன்ற உறுப்பினர் வழியாகவோ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்க வேண்டும். 'கடற்கரைப் பாதையை மீட்க வேண்டும்' என்று மட்டும் எழுதிய தீர்மானத்தை வைத்து எந்த அதிகாரியும் அளவெடுக்க வரமாட்டார். புல எண், பாதையின் அகலம், எங்கிருந்து எதுவரை, கதவு இருந்தால் அது இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்ற வாசகம், நடப்பவருக்குக் கட்டணமில்லை என்ற வாசகம் ஆகியவை அதில் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு ஏறிய பிறகு நகல் வாங்கி, புலப்படத்தை இணைத்து வட்டாட்சியருக்கு நில அளவை கோரி அனுப்பலாம்.